கணினி கிராஷ் ஆனதுபோல் நடிக்கும் ஸ்கிரீன்சேவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசைக் கணினியில் ரொம்ப காலமாக ஓடும் ஸ்கிரீன்சேவர் ஒரு பொய் புளூ ஸ்கிரீன்தான், அதாவது விண்டோஸ் கிராஷ் ஆகும்போது வரும் நீலத் திரையின் போலி. பார்ப்பவர்கள் முதலில் பதறுவார்கள், அப்புறம் சிரிப்பார்கள், அதற்கப்புறம் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். வைரஸா, எங்கே கிடைக்கும், ஆபீஸில் போடலாமா, எங்கள் வீட்டில் வந்தது நிஜமா பொய்யா என்று சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது என்ன சார், நிஜமாவே கம்ப்யூட்டர் போயிடுச்சா?

இல்லை. கொஞ்ச நேரம் கீபோர்டையும் மவுஸையும் தொடாமல் விட்டால் மீன்தொட்டியோ குடும்ப போட்டோவோ வருகிற இடத்தில், இது நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பிழைச் செய்தியைக் காட்டுகிறது. அப்புறம் கணினி ரீஸ்டார்ட் ஆவது போலவும் காட்டுகிறது. அடியில் விண்டோஸ் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மவுஸை லேசாக அசைத்தால் நீங்கள் விட்ட இடத்திலேயே உங்கள் ஃபைல் திறந்திருக்கும்.

திரையைக் காப்பாத்தறதுக்குத்தானே ஸ்கிரீன்சேவர், அதுல எதுக்கு இந்த வேஷம்?

பழைய பிக்சர் ட்யூப் மானிட்டர்களில் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால், கண்ணாடிக்கு உள்பக்கம் பூசியிருக்கும் பாஸ்பர் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துவிடும். மானிட்டரை அணைத்த பிறகும் எழுத்தின் தடம் தெரியும். ஜான் சோச்சா என்பவர் 1983 டிசம்பரில் சாஃப்டாக் பத்திரிகையில் வெளியிட்ட சின்ன ப்ரோக்ராம் இதற்காக வந்ததுதான்: மூன்று நிமிடம் யாரும் கீபோர்டைத் தொடாவிட்டால் திரையை வெறும் கறுப்பாக்கிவிடும். அவ்வளவே அதன் வேலை.

1989-ல் பெர்க்லி சிஸ்டம்ஸ் ஆஃப்டர் டார்க் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. இறக்கை முளைத்த டோஸ்டர்கள் திரையில் பறக்கும் அந்தக் காட்சிக்கு அப்புறம் மக்கள் ஸ்கிரீன்சேவரைக் காப்புக்காகப் போடவில்லை, பார்த்து ரசிக்கத்தான் போட்டார்கள். பொய் கிராஷும் அந்த வழியில் வந்ததுதான், ஒரு பெரிய வித்தியாசத்தோடு. மற்றவை நான் ஸ்கிரீன்சேவர் என்று சொல்லிக்கொண்டே ஓடும், இது தான் ஸ்கிரீன்சேவர் என்பதை மறைத்தால்தான் எடுபடும். அதனால்தான் இதைச் சரியாகச் செய்ய நிஜ கிராஷை நன்றாகத் தெரிந்தவர் வேண்டும்.

நிஜ புளூ ஸ்கிரீன் ஏன் வருது? அதை எழுதினது யாரு?

சாதாரண ப்ரோக்ராம் ஒன்று தப்பு செய்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிட்டு மற்றதைப் பார்க்கும். தப்பு விண்டோஸின் மையப் பகுதியான கர்னலிலோ, டிஸ்க், பிரின்டர் போன்ற சாதனங்களை ஓட்டும் டிரைவரிலோ நடந்தால் மெமரியில் எது நல்லது, எது கெட்டது என்று எதையுமே நம்ப முடியாது. அப்படியே தொடர்ந்து ஓடினால் டிஸ்கில் குப்பையை எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் நிறுத்தி, கடைசியாக என்ன ஆனது என்பதைத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. மேலும் கெடாமல் தடுக்கிற ஏற்பாடு அது, அதைத் திட்டுவதில் நியாயமில்லை என்பது என் கருத்து.

1993-ல் வந்த விண்டோஸ் என்டி 3.1-ல் இதை எழுதியவர் மைக்ரோசாஃப்டின் ஜான் வெர்ட். அவர் வேலை செய்த மிப்ஸ் வகைக் கணினியை ஆன் செய்ததும் வரும் ஃபர்ம்வேர் திரையும், அவர் பயன்படுத்திய ஸ்லிக்எடிட் எடிட்டரும் நீலத்தில் வெள்ளை எழுத்தாக இருந்தன, அதே நிறத்தை இதற்கும் வைத்துக்கொண்டார். விண்டோஸ் 95-ன் நீலத் திரைக்குக் கடைசி வடிவம் கொடுத்தவர் ரேமண்ட் சென். பின்னாளில் மைக்ரோசாஃப்டின் தலைவரான ஸ்டீவ் பால்மர்தான் எழுதினார் என்று பலர் சொல்வார்கள். அவர் எழுதியது விண்டோஸ் 3.1-ல் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தினால் வரும் திரையின் வாசகம். அதுவும் நீலத் திரை என்பதால் இரண்டும் குழம்பிவிட்டது.

கணினி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த இந்தத் திரை ஊருக்கே தெரிந்ததில் 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சிக்கு ஒரு பங்கு உண்டு. பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98 எவ்வளவு சுலபம் என்று காட்ட உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகினார், அத்தனை பேர் முன்னால் நீலத் திரை வந்தது. பொய் கிராஷ் ஸ்கிரீன்சேவர்கள் கொடிகட்டிப் பறந்ததும் அதே காலகட்டத்தில்தான்.

எல்லாரும் சொல்ற அந்த ஒரிஜினல் புளூ ஸ்கிரீன் ஸ்கிரீன்சேவர் எது அண்ணா?

சிஸ்இன்டர்னல்ஸ் புளூஸ்கிரீன். எழுதியவர் மார்க் ருசினோவிச். விண்டோஸின் உள்வேலைகளை மைக்ரோசாஃப்டுக்கு வெளியே இருந்துகொண்டே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர். 1996-ல் பிரைஸ் காக்ஸ்வெல்லோடு சேர்ந்து அவர் தொடங்கிய தளத்தின் கருவிகளை, கணினி பழுது பார்க்கிற எல்லோரும் இன்றும் வைத்திருப்பார்கள்.

இதன் அருமை என்னவென்றால், இது ஒரு படத்தை ஒட்டி வைத்து ஏமாற்றுவதில்லை. திரையில் வரும் விண்டோஸ் பில்ட் எண், ப்ராசஸர் விவரம், லோட் ஆகியிருக்கும் டிரைவர்களின் பெயர்கள், அவற்றின் முகவரிகள், டிஸ்கின் விவரம், மெமரி அளவு எல்லாமே அந்தக் கணினியிலிருந்தே எடுத்தவை. என்டி 4.0-ல் நிஜ கிராஷ் வந்தால் டிரைவர்களின் பட்டியல் திரை முழுக்க வரும், இதிலும் அதேபோல வரும், அதுவும் உங்கள் சொந்த டிரைவர்களாகவே. அதைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் இன்னும் ஆழமாக நம்புவார். பொய்யை இவ்வளவு உண்மைகளால் கட்டியதைத்தான் நான் இதில் பெரிதாக மதிக்கிறேன்.

பதினைந்து வினாடிக்கு ஒருமுறை போல திரை மாறும். நீலத் திரை, அப்புறம் பொய் பூட், திரும்ப வேறொரு நீலத் திரை. என்டி 4.0-ல் டிஸ்கைச் சோதித்துப் பிழைகள் இருக்கிறது என்று சொல்லும் சோதனைத் திரையையும் காட்டும். செட்டிங்ஸில் பொய் டிஸ்க் வேலை என்று ஒரு டிக் பெட்டி உண்டு, அதைப் போட்டால் ரீஸ்டார்ட் ஆகும்போது டிஸ்க் விளக்கு மினுக்குவதுபோல இப்போதும் மினுக்கும்.

மைக்ரோசாஃப்டை கிண்டல் பண்றதை மைக்ரோசாஃப்டே தருதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸை வாங்கியது. ருசினோவிச்சும் உள்ளே போனார், பின்னாளில் அவர்களுடைய அஷூர் என்ற கிளவுட் பிரிவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனார். மற்ற கருவிகளோடு சேர்த்து இந்த ஸ்கிரீன்சேவரையும் தூக்கி எறியாமல் தன் தளத்திலேயே வைத்தார்கள். 3.2 என்ற பதிப்பு அந்த வருடம் நவம்பரில் வெளியானது. எனவே இதை எங்கிருந்து இறக்குவது என்ற கேள்விக்கும் பதில் இதுதான்: மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்திலிருந்து மட்டும். ஏன் மட்டும் என்பதை வைரஸ் கேள்வியில் சொல்கிறேன்.

எப்படி போடறது? இன்ஸ்டால் ஃபைலையே காணோமே.

இன்ஸ்டாலர் கிடையாது. ஜிப்பைப் பிரித்தால் எஸ்சிஆர் என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கும். அதை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32-ல் காப்பி செய்துவிட்டு ஸ்கிரீன்சேவர் செட்டிங்ஸைத் திறந்தால் பட்டியலில் பெயர் வந்துவிடும். எடுப்பதும் அப்படித்தான், வேறொன்றைத் தேர்வு செய்துவிட்டு ஃபைலை அழித்தால் போதும்.

விண்டோஸ் 95, 98 காலத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. விண்டோஸ் 2000 ஓடும் ஒரு கணினியிலிருந்து என்டிஓஎஸ்கர்னல் என்ற கர்னல் ஃபைலைக் கொண்டுவந்து விண்டோஸ் ஃபோல்டரில் வைக்க வேண்டும். விண்டோஸ் 2000-ன் துவக்கத் திரைப் படம் அந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது. பழைய கணினிகளைச் சேகரித்து ஓட்டுகிறவர்களுக்கு இந்த விவரம் இன்றும் உதவும்.

விண்டோஸ் 10, 11-ல போட்டா யாராவது நம்புவாங்களா?

கணினியில் பழம் தின்று கொட்டை போட்டவர் யாரும் நம்ப மாட்டார்கள். இது நடிப்பது எக்ஸ்பி வரைக்குமான காலத்தை. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதே நிஜத் திரை மாறிவிட்டது: வெளிர் நீலம், சோகமான முகக்குறி ஒன்று, இரண்டு மூன்று வரி, கீழே பிழையின் பெயர். 2016-ல் விண்டோஸ் 10-ல் க்யூஆர் கோடும் சேர்ந்தது. அப்படி ஒரு கணினியில் திடீரென்று எண்களும் டிரைவர் பெயர்களுமாக அடர்நீலத் திரை வந்தால் அது பழைய திரை என்று தெரிந்துவிடும். ஆனால் பழைய திரையையே பார்த்திராத இளம் வயதினர் அதிகம் பயப்படுவதையும் பார்த்திருக்கிறேன், அவ்வளவு எழுத்தை ஒரே இடத்தில் பார்த்ததும் ஏதோ பெரிதாக உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இப்போது இதை யாரையும் ஏமாற்றப் போடாதீர்கள், பழைய விண்டோஸின் ஞாபகத்துக்காகப் போடுங்கள். அந்த எழுத்துருவும் அந்த நீலமும் வேறெங்கும் இப்படி உயிரோடு பார்க்கக் கிடைக்காது.

லினக்ஸ், மேக்ல இந்த மாதிரி எதுவும் இல்லையா?

இருக்கிறது, இதைவிடப் பெரியது. ஜேமி ஜவின்ஸ்கி 1992-ல் முதலில் வெளியிட்ட எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற தொகுப்பில் பிஎஸ்ஓடி (புளூ ஸ்கிரீன் ஆஃப் டெத் என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் ஒன்று உண்டு. அது விண்டோஸோடு நிற்பதில்லை. அமிகா, அட்டாரி, பழைய மேக், மேக் ஓஎஸ் டென், சோலாரிஸ், விஎம்எஸ், ஓஎஸ்/2, லினக்ஸின் கிராஷான கர்னல் பேனிக் என்று உலகத்தில் செத்த சிஸ்டங்கள் எத்தனை விதமாகச் செத்தன என்பதை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகும். எனக்கு அது ஒரு அருங்காட்சியகம். செட்டிங்ஸில் எது வேண்டும் எது வேண்டாம் என்று டிக் போட்டுக்கொள்ளலாம்.

மேக்கிலும் ஓடும், ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் கூட வந்திருக்கிறது. விண்டோஸுக்கு மட்டும் அவர் தரவில்லை, தரப்போவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்தப் பெயரைப் போட்டு விண்டோஸுக்கு ஏதாவது கிடைத்தால் அது அவருடையது இல்லை.

அதுல உங்களுக்குப் பிடிச்சது எது?

அமிகாவுடையது. கறுப்புப் பின்னணியில் மேலே ஒரு செவ்வகம், அதன் சிவப்பு ஓரம் விட்டு விட்டு எரியும், உள்ளே சிவப்பு எழுத்தில் குரு மெடிட்டேஷன் என்று போட்டு ஒரு நீள எண். அமிகா நிறுவனம் ஆரம்பத்தில் அட்டாரி விளையாட்டுப் பெட்டிக்காக ஜாய்போர்டு என்று ஒரு பலகை செய்தது, அதன்மேல் ஏறி நின்று உடம்பைச் சாய்த்து விளையாட வேண்டும். சிஸ்டம் அடிக்கடி கிராஷ் ஆகும்போது அங்கிருந்த பொறியாளர்கள் அந்தப் பலகைமேல் சம்மணம் போட்டு அசையாமல் உட்கார்ந்து மனதை ஆற்றிக்கொள்வார்களாம், பெயர் அதிலிருந்து வந்தது.

அட்டாரி எஸ்டியும் நன்றாக இருக்கும், திரையில் வரிசையாகக் குண்டுகள் வரும். வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள், குண்டுகளின் எண்ணிக்கைதான் பிழையின் எண். இரண்டு வந்தால் பஸ் பிழை, மூன்று வந்தால் அட்ரஸ் பிழை. மேக் ஓஎஸ் டென் திரையோ ரொம்ப மரியாதையானது, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகளில் சொல்லும்.

இதுல வைரஸ் இருக்குமா? ஆன்டிவைரஸ் கத்துது.

மேலே சொன்ன இரண்டையும் அவற்றின் சொந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் பயமில்லை. ஆனால் பொதுவாக ஸ்கிரீன்சேவர் என்றால் கவனமாக இருக்க வேண்டும், காரணம் எளிது. எஸ்சிஆர் என்பது படமோ வீடியோவோ இல்லை, எக்ஸி ஃபைல் என்னவோ அதேதான், பெயரின் வால் மட்டும் வேறு. டபுள் கிளிக் செய்த நொடியில் அது உங்கள் கணினியில் எதையும் செய்யலாம். மெயிலில் போட்டோ, பில் என்ற பெயரில் எஸ்சிஆர் ஃபைல் அனுப்பி வைரஸ் பரப்புவது பல வருடமாக நடக்கும் வித்தை.

அதனால் தெரியாத டவுன்லோட் தளத்தில் ஆயிரம் ஸ்கிரீன்சேவர் இலவசம் என்று போட்டிருந்தால் கிட்டேயே போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பினார் என்பதும் காரணம் ஆகாது. ஆன்டிவைரஸ் கத்தினால் அதை அணைத்துவிட்டுப் போடுவதற்கு ஒரு ஸ்கிரீன்சேவருக்குத் தகுதி இல்லை.

ஓடும்போது என் டேட்டா ஏதாவது போகுமா?

ஸ்கிரீன்சேவரால் எதுவும் போகாது. பொய் டிஸ்க் சோதனையும் வெறும் எழுத்துதான், டிஸ்கில் எதையும் மாற்றுவதில்லை.

டேட்டா போவது மனிதர்களால். திரையைப் பார்த்துப் பயந்தவர் முதலில் செய்வது பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது. நாலைந்து வினாடி பிடித்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி நிஜமாகவே அணைந்துவிடும், சேவ் செய்யாத வேலை எல்லாம் காலி. பொய்யாக ஆரம்பித்தது அந்த இடத்தில் உண்மையாகிவிடுகிறது. வீட்டில் பொதுவான கணினி என்றால் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

அப்போ வந்தது நிஜமா பொய்யான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

முதலில் மவுஸை அசைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் கேப்ஸ் லாக். நிஜ கிராஷில் கீபோர்டைக் கவனிக்க ஆள் இல்லை, எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு மாறாது. மாறினால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. அதற்கும் மேல் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட். இந்த மூன்று விசைகளை விண்டோஸ் தானே நேரடியாக வாங்கிக்கொள்ளும், சாதாரண ப்ரோக்ராம் எதுவும் நடுவில் புகுந்து தடுக்க முடியாது. எனவே அதன் திரை வந்துவிட்டால் முன்னால் நின்றது வேஷம்.

காதையும் பயன்படுத்துங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், நிஜ கிராஷில் சத்தம் நின்றுவிடும், இல்லையென்றால் ஒரே துண்டு கரகரவென்று திரும்பத் திரும்பக் கேட்கும். பாட்டு அழகாகத் தொடர்ந்தால் கவலை வேண்டாம். அதேபோல ரீஸ்டார்ட்டையும் கவனியுங்கள். நிஜமாக ரீஸ்டார்ட் ஆனால் மானிட்டர் ஒரு கணம் சிக்னல் இழக்கும், ஃபேன் சத்தம் மாறும், விண்டோஸுக்கு முன்னால் கணினிக் கம்பெனியின் லோகோ வரும். ஸ்கிரீன்சேவரால் திரையில் மட்டும்தான் நடிக்க முடியும், நேராக விண்டோஸ் லோகோவுக்குத் தாவினால் அது பொய்.

எல்லாம் முடிந்த பிறகும் பார்க்கலாம். நிஜ கிராஷ் தடயம் விடாமல் போகாது: விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் வழக்கமாக ஒரு ஃபைல் இருக்கும், விண்டோஸ் நடந்ததைப் பதிவு செய்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் பக்செக் என்ற பெயரில் 1001 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும்.

எங்க அப்பா லேப்டாப்ல புளூ ஸ்கிரீன் வந்து போன் நம்பர் காட்டுது, இதுவும் ஸ்கிரீன்சேவரா அக்கா?

இல்லை, இது மோசடி, இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மைக்ரோசாஃப்டின் நிஜப் பிழைத் திரையில் போன் நம்பர் ஒருநாளும் இருக்காது. நம்பர் இருந்தால் அழைக்காதீர்கள். அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் உங்கள் கணினியை தூரத்திலிருந்தே இயக்கும் ரிமோட் ஆக்ஸஸ் ஆப் போடச் சொல்வார், கார்டு விவரம் கேட்பார், வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்.

பெரும்பாலும் இது பிரவுசரில் முழுத்திரையாக ஓடும் ஒரு வலைப்பக்கம்தான். எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், அல்லது எஃப்11, அல்லது ஆல்ட்-எஃப்4. எதுவும் கேட்கவில்லையா, முந்தின பதிலில் சொன்ன கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் போட்டு டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய டேப்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ப்ரோக்ராமாகவே கணினிக்குள் வந்து உட்காரும் வகையும் உண்டு. 2016 அக்டோபரில் மைக்ரோசாஃப்டே எச்சரித்த ஹிகர்டிஸ்மாஸ் என்பது மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் இன்ஸ்டாலர் வேஷத்தில் வந்து, பொய் புளூ ஸ்கிரீனைக் காட்டி, மவுஸை மறைத்து, நம்பரைக் கொடுத்தது. அந்த மாதிரி என்றால் நெட்டைத் துண்டித்துவிட்டு ஸ்கேன் செய்ய வேண்டும்.

இப்போது இன்னொரு தினுசும் சுற்றுகிறது: சரிசெய்ய விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி இதை ஒட்டி என்டர் தட்டுங்கள் என்று திரையே சொல்லும். நிஜப் பிழைத் திரை எதையும் ஒட்டச் சொல்லாது. அப்பா அம்மாவுக்கு இந்த இரண்டை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: நம்பர் இருந்தால் பொய், ஒட்டச் சொன்னால் பொய்.

நண்பன் கம்ப்யூட்டர்ல அவனுக்குத் தெரியாம போடலாமா? ஜாலிக்குத்தான்.

பக்கத்திலேயே நீங்கள் உட்கார்ந்திருந்து, அவன் கை பவர் பட்டனுக்குப் போவதற்கு முன் சொல்லிவிடுவீர்கள் என்றால், நெருங்கிய நண்பன் என்றால், அதுவும் எல்லாம் சேவ் ஆகியிருக்கிறது என்று தெரிந்தால் சரி. ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரம், பரீட்சை ஹால், ஆஸ்பத்திரி, கடையின் பில்லிங் கவுன்டர் இங்கெல்லாம் கூடவே கூடாது. அந்த ஐந்து நிமிடம் அவர்களுக்கு விளையாட்டு இல்லை.

ஆபீஸ் கணினி என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். அடுத்தவர் கணினியில் உரிமையாளர் அனுமதி இல்லாமல் கை வைப்பதே இந்திய ஐடி சட்டம் 2000-ன் 43-வது பிரிவுக்குள் வரக்கூடிய விஷயம், கம்பெனி விதிகள் அதைவிடக் கடுமையாக இருக்கும். 2024 ஜூலை 19-க்கு அப்புறம் ஐடி ஆட்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பும் வருவதில்லை. அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நிஜமாகவே நீலத் திரையில் விழுந்தன, இந்தியாவில் கையால் எழுதிய போர்டிங் பாஸோடு ஆட்கள் விமானம் ஏறினார்கள். பல கணினிகளை ஒவ்வொன்றாகப் போய் சேஃப் மோடில் திறந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த ராத்திரியைக் கண்விழித்துக் கழித்தவர் முன்னால் இந்த விளையாட்டு எடுபடாது.

இப்போ புளூ ஸ்கிரீனே கறுப்பா ஆயிடுச்சாமே?

ஆமாம். 2025-ல் விண்டோஸ் 11 24எச்2 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் கறுப்புத் திரையைக் கொண்டுவந்தது. சோக முகமும் க்யூஆர் கோடும் போய்விட்டன, பிழையின் பெயரும் தவறு செய்த டிரைவர் பெயரும் இருக்கும். 2021-லேயே விண்டோஸ் 11-ன் சோதனைப் பதிப்பில் கறுப்பாக்கிப் பார்த்துவிட்டு நீலத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

நேர்மாறாக லினக்ஸ் நீலத்துக்கு வந்திருக்கிறது. லினக்ஸைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் 2023 டிசம்பரில் வந்த 255-வது பதிப்பில் பெரிய பிழைகளை முழுத்திரை நீலத்தில் க்யூஆர் கோடோடு காட்டும் வசதி சேர்ந்தது.

காலேஜ் ப்ராஜெக்டா நானே ஒண்ணு எழுதலாமா?

தாராளமாக. வைரஸ் கேள்வியில் சொன்னபடி ஸ்கிரீன்சேவர் என்பது சாதாரண ப்ரோக்ராம்தான். விண்டோஸ் அதை மூன்று விதமாகக் கூப்பிடும்: சாய்கோட்டோடு எஸ் வந்தால் முழுத்திரையில் ஓட வேண்டும், சி வந்தால் செட்டிங்ஸ் பெட்டியைக் காட்ட வேண்டும், பி வந்தால் அந்தச் சின்ன மானிட்டர் படத்துக்குள் முன்னோட்டம் காட்ட வேண்டும். இந்த மூன்றையும் கவனித்துக்கொண்டு பெயரின் வாலை எஸ்சிஆர் என்று மாற்றினால் முடிந்தது.

நன்றாக வர வேண்டுமானால் சின்ன விஷயங்களில்தான் மெனக்கெட வேண்டும். மவுஸ் அம்பை மறையுங்கள், முதல் முயற்சிகள் மாட்டிக்கொள்வது நடுத்திரையில் நிற்கும் அந்த வெள்ளை அம்பால்தான். பழைய திரையை நடிப்பதாக இருந்தால் எழுத்துரு தடிமனாக, அந்தக் காலத்து குறைந்த ரெசல்யூஷனில் தெரிய வேண்டும், இன்றைய மெல்லிய எழுத்தில் போட்டால் வேஷம் கலைந்துவிடும். இரண்டு மானிட்டர் இருந்தால் இரண்டிலும் ஒரே செய்தியைப் போடாதீர்கள், ஒன்றை வெறுமையாக விடுங்கள். வெளியே வரும் வழியை மட்டும் அடைக்காதீர்கள். மவுஸை அசைத்தால், ஏதாவது விசையைத் தொட்டால் உடனே மறைய வேண்டும்.

நிஜமாவே கிராஷ் பண்ணிப் பார்க்கணும்னா வழி இருக்கா?

இருக்கிறது, அதே ருசினோவிச்சின் நாட்மைஃபால்ட் என்ற கருவி. எந்த வகைக் கிராஷ் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால் நிஜமாகவே கர்னலைத் தள்ளிவிடும். டிரைவர் எழுதுபவர்களும் கிராஷ் விட்டுச்செல்லும் டம்ப் ஃபைலைப் படிக்கக் கற்பவர்களும் பயிற்சிக்குப் பயன்படுத்துவார்கள். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்துவிட்டு வலது கன்ட்ரோலைப் பிடித்தபடி ஸ்க்ரோல் லாக்கை இரண்டு முறை தட்டினாலும் கிராஷ் ஆகும். கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்குள் மட்டும் செய்யுங்கள், சேவ் செய்யாதது போய்விடும் என்பது இங்கே நடிப்பில்லை.

ஓலெட் மானிட்டர் வாங்கியிருக்கேன், இதைப் போடலாமா?

வேண்டாம். ஓலெட்டிலும் ஒரே படம் ரொம்ப நேரம் நின்றால் தடம் விழும். புளூ ஸ்கிரீன் பெரும்பாலும் அசையாத எழுத்து, அதுவும் பிரகாசமான வெள்ளை. போட்டே ஆக வேண்டுமென்றால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதற்கப்புறம் திரை தானாக அணையும்படி பவர் செட்டிங்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எல்சிடிக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை, மின்சாரம்தான் வீண்.

பொய் புளூ ஸ்கிரீன் ஓடிட்டு இருக்கும்போதே நிஜ புளூ ஸ்கிரீன் வந்தா?

நடக்கக்கூடியதுதான். ஸ்கிரீன்சேவர் கர்னலை எந்த விதத்திலும் காப்பாற்றுவதில்லை, கெட்ட டிரைவர் அதற்காகக் காத்திருக்கவும் போவதில்லை. பழைய புளூஸ்கிரீனில் பதினைந்து வினாடிக்கு ஒருமுறை மாற வேண்டிய திரை மாறாமல் நின்றால் அதுவே முதல் அறிகுறி. புது விண்டோஸில் இன்னும் சுலபம், பழைய அடர்நீலத்துக்கு நடுவே திடீரென்று சோக முகமோ கறுப்புத் திரையோ வந்தால் வந்தது நிஜம். அப்புறம் கேப்ஸ் லாக், கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட், மினிடம்ப் என்று மேலே சொன்னதைத்தான் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

நீங்கள் இல்லாத நேரத்தில் நடந்தால் திரும்பி வரும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நிற்கும், ஏனென்றால் விண்டோஸ் வழக்கமாக டம்ப் எழுதியதும் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். திறந்து வைத்த ஃபைல்கள் எதுவும் இல்லாமல் வெறும் லாகின் திரை மட்டும் இருந்தால் ஈவன்ட் வியூவரில் அந்த 1001-ஐத் தேடுங்கள்.